கிராமத்தின் மின்சாரம், வாரியத்தின் கம்பி

பிகார் தலைநகர் பாட்னாவிலிருந்து கயை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, ஜெகானாபாத் மாவட்டத்தில் அமைந்துள்ளது தர்னாய் கிராமம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மின்சாரம் இன்றி இருந்த அவ்வூரில், 2014 ஜூலையில் 100 கிலோவாட் திறன் கொண்ட சூரிய மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கிரீன்பீஸ் அமைப்பு வேறு இரு அமைப்புகளுடன் சேர்ந்து அதை நிறுவியிருந்தது. 70 கிலோவாட் வீடுகளுக்கும் கடைகளுக்கும் தெருவிளக்குகளுக்கும்; 30 கிலோவாட் பாசனப் பம்புகளுக்கு. சுமார் 450 வீடுகளுக்கு இணைப்பு. கட்டணம் வசூலிக்கவும் நிலையத்தை மேற்பார்வையிடவும் கிராமக் குழு. மின்வாரியத்தை எதிர்பார்க்காமல் ஒரு கிராமம் தானே ஒளி பெற்றதாகத் தேசிய நாளேடுகள் அப்போது பாராட்டி எழுதின.

சில வாரங்களில் முன்னாள் முதல்வர் என்ற நிலையில் நிதீஷ் குமார் அங்கு வந்தார். மாலை மரியாதைக்கு நடுவே கிராமத்தினரில் ஒரு பகுதியினர் எழுப்பிய கோஷம் விழா ஏற்பாட்டாளர்கள் எதிர்பாராதது. தங்களுக்கு ‘அசல் மின்சாரம்’ வேண்டும் என்றனர் அவர்கள். அசல் என்று அவர்கள் குறிப்பிட்டது அரசின் மின்சாரத்தை. விரைவிலேயே மின்மாற்றி வந்தது, கம்பியும் வந்தது. அரசு மின்சாரத்தின் விலை சூரிய மின்சாரத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. தொலைக்காட்சியும் குளிர்பதனப் பெட்டியும் இயக்கத் தடையில்லை. சூரிய மின்சாரத்துக்கு வாடிக்கையாளர் குறைந்தனர். மின்கலங்கள் பழுதடைந்தபோது மாற்றப் பணம் இல்லை. 2021-இல் செய்தியாளர்கள் சென்று பார்த்தபோது மின் நிலைய வளாகம் மாட்டுத் தொழுவமாகியிருந்தது.

சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்க இயலாது என்பதல்ல தர்னாய் தரும் செய்தி. ஒளியும் குறையவில்லை, தகடுகளும் ஏமாற்றவில்லை. ஓர் ஊர் தானே மின்சாரம் தயாரித்துத் தனக்குள் பகிர்ந்து கொள்ளலாமா என்ற கேள்விக்குத் தொழில்நுட்பம் என்றோ விடை தந்துவிட்டது. கம்பி யாருடையது, விலையை நிர்ணயிப்பவர் யார் என்பவையே இன்னும் விடை காணாத கேள்விகள். அவை மத்திய மின்துறை அமைச்சகத்தின் கோப்புகளிலும் ஒழுங்குமுறை ஆணையங்களின் உத்தரவுகளிலும் முடிவாகின்றனவே தவிர, கூரையின் மேல் அல்ல.

சட்டம் திறந்த கதவு

2003 ஜூன் 10-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த மின்சாரச் சட்டத்தைத் தனியார்மயத்துக்கு வழிவகுத்த சட்டமாகவே பலரும் நினைவில் வைத்துள்ளனர். அன்றைய விவாதங்களும் பெரும்பாலும் அதைச் சுற்றியே நடந்தன. ஆனால் அதே சட்டத்தில் கிராமங்களுக்கென எழுதப்பட்ட சில வரிகள் உண்டு.

கிராமப்புறங்களில் மின்சாரத்தை மொத்தமாகக் கொள்முதல் செய்து உள்ளூர் வழங்கலை நிர்வகிக்கும் பொறுப்பை ஊராட்சிகள், பயனாளர் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் வழியாக மேற்கொள்வதற்குத் தேசியக் கொள்கை வகுக்குமாறு 5-ஆம் பிரிவு மத்திய அரசைப் பணிக்கிறது. இத்தகைய அமைப்புகளுக்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்களிக்க 13-ஆம் பிரிவு இடம் தருகிறது. மாநில அரசு கிராமப்புறமாக அறிவித்த பகுதியில் மின்சாரம் தயாரித்து அங்கேயே வழங்க விரும்புபவருக்கு உரிமமே தேவையில்லை என்கிறது 14-ஆம் பிரிவின் விதிவிலக்கு. சொந்தப் பயன்பாட்டுக்கான மின் நிலையம் எது என்பதற்கு 2-ஆம் பிரிவு தரும் விளக்கத்திலும், உறுப்பினர்களின் பயன்பாட்டுக்காகக் கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் நிலையம் சேர்க்கப்பட்டுள்ளது. பஞ்சாலைகளும் சிமென்ட் ஆலைகளும் இந்த விளக்கத்தை நன்கு பயன்படுத்திக் கொண்டன. கூட்டுறவுச் சங்கங்கள் அந்த அளவுக்குப் பயன்படுத்தவில்லை.

தயாரிக்கலாம், வழங்கலாம் என்று சொன்ன சட்டம், பின்னாளில் வாரியத்தின் கம்பி அதே தெருவுக்கு வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. தர்னாய் விழுந்தது அந்த இடைவெளியில்தான். உத்தரப் பிரதேச அரசு 2016-இல் வெளியிட்ட சிறு மின்தொகுப்புக் கொள்கையில்தான் இதற்கு ஓரளவு விடை கிடைத்தது. கம்பி வந்த பின், உள்ளூர் நிலையம் தன் மின்சாரத்தை வாரியத்துக்கு விற்கலாம் அல்லது நிலையத்தையே உரிய விலைக்கு ஒப்படைக்கலாம் என அக்கொள்கை கூறியது. அதே ஆண்டு மத்திய அரசு நாடு முழுமைக்குமாக ஒரு வரைவுக் கொள்கையை வெளியிட்டது.

முன்னோடிகள் ஐந்து

மின்சாரமும் கூட்டுறவும் இந்தியாவுக்குப் புதிய கூட்டணி அல்ல. 1969-இல் ஊரக மின்மயக் கழகம் தொடங்கப்பட்ட கையோடு, அமெரிக்க ஊரக மின் கூட்டுறவுகளை முன்மாதிரியாகக் கொண்டு ஐந்து இடங்களில் சங்கங்கள் அமைக்கப்பட்டன. ஆந்திரத்தின் சிரிசில்லா (இன்று தெலங்கானா), கர்நாடகத்தின் ஹுக்கேரி, குஜராத்தின் கோடினார், மகாராஷ்டிரத்தின் முலா-பிரவரா, உத்தரப் பிரதேசத்தின் லக்னெள ஆகியன அவை. இவை மின்சாரத்தைத் தயாரிக்கவில்லை. வாரியத்திடம் மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்கு வழங்கின. ஐந்தில் இன்றும் நிலைத்திருப்பவற்றில் முக்கியமானவை சிரிசில்லாவும் ஹுக்கேரியும். விசைத்தறிகள் நிறைந்த சிரிசில்லாவில் மின் சங்கத் தேர்தல் என்றால் அரசியல் கட்சிகளே களமிறங்கும். சட்டப்பேரவைத் தேர்தலுக்கு அது சற்றும் குறைந்ததல்ல. முலா-பிரவராவோ வாரியத்துக்குச் செலுத்த வேண்டிய நிலுவை மலைபோல் சேர, 2011-இல் உரிமம் முடிந்து, மாநில மின் வழங்கல் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது.

வாங்கி விற்கும் சங்கம் வாரியத்துக்குக் கடன்பட்டே வாழ வேண்டியிருந்தது. தானே தயாரிக்கும் சங்கமாக இருந்தால் நிலை மாறுமா என்ற சோதனைக்கு மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

துண்டியில் தொடங்கிய இணைப்பு

அந்தச் சோதனை நடந்த இடம் குஜராத்தின் கேடா மாவட்டம், தாஸ்ரா வட்டத்தில் உள்ள துண்டி கிராமம். தமிழ்க் காதுக்கு மின்கட்டணம் கட்டாத வீட்டை நினைவூட்டும் பெயர்! ஆனால் அவ்வூர் செய்தது இணைப்பு வேலை. பால் கூட்டுறவின் தாயகமான ஆனந்த் நகரம் தொலைவில் இல்லை. 1946-இல் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் இடைத்தரகரை விலக்கிச் சங்கம் அமைத்த மண் அது.

துண்டி விவசாயிகளுக்கு வேளாண் மின் இணைப்பு இல்லை. டீசல் பம்புகளைக் கொண்டே பாசனம் செய்து வந்தனர். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனமும் டாடா அறக்கட்டளையும் இணைந்து நடத்திய ஆய்வுத் திட்டத்தின் துணையோடு, ஆறு விவசாயிகள் சூரிய பம்புசெட் சங்கம் ஒன்றை அமைத்தனர். உலகின் முதல் சூரியப் பாசனக் கூட்டுறவுச் சங்கம் என அது அறியப்படுகிறது. ஆறு பம்புகளின் சூரியத் தகடுகள் சேர்ந்து 56.4 கிலோவாட். தகடுகளின் செலவில் பெரும்பகுதியை ஆய்வுத் திட்டம் ஏற்றது. விவசாயிகள் கிலோவாட்டுக்கு ரூ. 5,000 பங்காகச் செலுத்தினர். பின்னர் சேர்ந்த மூவர் கிலோவாட்டுக்கு ரூ. 25,000 கொடுத்துச் சேர்ந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. பக்கத்து வயலில் பணம் வருவதைக் கண்ணால் கண்டவர்கள் ஐந்து மடங்கு தரத் தயங்கவில்லை. சங்கத்தின் திறன் 71.4 கிலோவாட்டாக உயர்ந்தது.

சூரிய பம்புசெட்டுகள் நாட்டில் லட்சக்கணக்கில் உள்ளன. துண்டியைத் தனித்துக் காட்டுவது, பம்பு ஓடாத நேரத்து மின்சாரம். பயிருக்குத் தண்ணீர் தேவைப்படும் நாள்கள் ஆண்டில் சில மாதங்களே. மற்ற நாள்களில் தனித்து நிற்கும் தகடுகளின் மின்சாரம் வீணாகும். அல்லது, செலவில்லாமல் கிடைக்கிறதே என்று பம்பு ஓடிக் கொண்டேயிருக்கும். நிலத்தடி நீர் மட்டம் இறங்கிக் கொண்டேயிருக்கும். துண்டியில் ஆறு பம்புகளையும் ஒரே சிறு மின்தொகுப்பாக இணைத்து, மத்திய குஜராத் மின் வழங்கல் நிறுவனத்தின் கம்பியோடு ஒரே இடத்தில் சேர்த்தனர். நிறுவனம் அந்த ஓரிடத்து மீட்டரை மட்டும் பார்த்துச் சங்கத்துக்குப் பணம் தருகிறது. உறுப்பினர் ஒவ்வொருவரின் மீட்டரைப் பார்த்துப் பங்கிடுவது சங்கத்தின் வேலை. பால் சங்கத்தில் அளவைப் பார்த்துக் கணக்குப் புத்தகத்தில் எழுதிப் பழகிய ஊரில் இதற்குப் பெரிய பயிற்சி தேவைப்படவில்லை. சூரிய மின்சாரத்தையும் ஒரு பயிராகக் கருத வேண்டும் என்பது இத்திட்டத்துக்கு வழிகாட்டிய பொருளியல் அறிஞர் துஷார் ஷாவின் வாதம். பூச்சி அரிக்காத, மழை பொய்த்தாலும் கருகாத பயிர்.

2016-இல் மின் வழங்கல் நிறுவனத்துடன் ஏற்பட்ட ஒப்பந்தப்படி யூனிட்டுக்கு ரூ. 4.63 வீதம் 25 ஆண்டுகளுக்கு விலை உறுதி. அதற்குமேல் பசுமை மின்சாரத்துக்கு ரூ. 1.25, நிலத்தடி நீரைச் சேமிப்பதற்கு ரூ. 1.25 என இரு ஊக்கத்தொகைகளை ஆய்வுத் திட்டம் சேர்த்துத் தந்தது. ஆக, யூனிட்டுக்கு ரூ. 7.13. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குத் தோராயமாக 4 யூனிட் தரும் எனக் கொண்டால், 8 கிலோவாட் வைத்துள்ள விவசாயிக்கு 32 யூனிட். பம்பை இயக்காமல் அனைத்தையும் விற்கும் வெயில் நாளில், ஒப்பந்த விலையில் மட்டும் ரூ. 148, ஊக்கத்தொகையும் சேர்ந்தால் ரூ. 228. தேவையின்றி ஒரு மணி நேரம் பம்பு ஓடினால் எவ்வளவு நஷ்டம் என்பதை அந்த விவசாயிக்கு எந்த நீர் மேலாண்மை அதிகாரியும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு விவசாயிகள் ஒரு விலையும் கொடுத்தனர். மானிய விலை வேளாண் மின் இணைப்பு கோரும் உரிமையை 25 ஆண்டுகளுக்கு விட்டுக் கொடுத்தனர். இலவச மின்சாரம் என்ற சொல்லை எந்தக் கட்சியும் தொடத் தயங்கும் நாட்டில், ஆறு விவசாயிகள் மானியத்தைத் தாமாக விட்டனர். வாரியத்துக்கு அந்த மிச்சம், கொடுக்கும் விலையைவிடச் சிறியதல்ல. தில்லியில் மின் மானியம் பற்றி நடக்கும் கருத்தரங்குகளில் இந்த அம்சம் உரிய கவனம் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆனந்த் மாவட்டத்தின் முஜ்குவா கிராமத்தில் அமைந்த அடுத்த சங்கத்தை 2018 செப்டம்பர் 30-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோதி தொடங்கி வைத்தார். அதே ஆண்டு ஜூனில் குஜராத் அரசு, விவசாயிகள் சூரிய மின்சாரத்தை விற்பதற்கான திட்டத்தை மாநில அளவில் அறிவித்திருந்தது. முதல் 7 ஆண்டுகளுக்கு யூனிட்டுக்கு ரூ. 7, பிறகு ரூ. 3.50 என்பது அதன் ஏற்பாடு.

ரூ. 1.99-இன் நிழல்

இவ்வளவு வெற்றி கண்ட முறை ஏன் ஊருக்கு ஊர் பரவவில்லை? விடையின் பெரும்பகுதி ஓர் எண்ணில் அடங்கியுள்ளது. 2020 டிசம்பரில் அதே குஜராத்தில் 500 மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு நடந்த ஏலத்தில் விலை யூனிட்டுக்கு ரூ. 1.99 ஆக இறங்கியது. பாலைவனத்தில் ஆயிரம் ஏக்கரில் தகடு விரிக்கும் பெருநிறுவனம் ரூ. 2-க்குக் குறைவாகத் தரும்போது, ஆறு விவசாயிகளுக்கு ஏன் ரூ. 4.63 தர வேண்டும் எனக் கேட்கின்றன மின் வழங்கல் நிறுவனங்கள். நஷ்டத்தில் தத்தளிக்கும் அவற்றின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மாலையில் வெயில் மங்கியதும் கிராமம் நம்பியிருப்பது வாரியத்தின் அனல் மின்சாரத்தைத்தான். கம்பியையும் மின்மாற்றியையும் பராமரிக்கும் செலவும் வாரியத்தினுடையதுதான்.

ஆயினும் இந்த ஒப்பீடு முழுமையானதல்ல. பாலைவனத்து மின்சாரம் கிராமத்துப் பம்பை அடைய உயரழுத்தப் பாதை வேண்டும், துணை மின் நிலையம் வேண்டும், வழியில் ஏற்படும் இழப்பையும் ஏற்க வேண்டும். மின் வழங்கல் நிறுவனங்களின் தொழில்நுட்ப, வணிக இழப்பு தேசிய அளவில் 2022-23-இல் சுமார் 15 சதவீதம். துண்டியில் தயாராகும் மின்சாரம் பெரும்பாலும் அடுத்த வயலிலேயே செலவாகிறது. அதற்குரிய மதிப்பை ஏல விலையில் தேடினால் கிடைக்காது.

மத்திய அரசின் குசும் திட்டம் இந்த இடத்தில் உதவியிருக்க வேண்டும். 2019-இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் முதல் பிரிவு, துணை மின் நிலையங்களுக்கு அருகில் 2 மெகாவாட் வரையிலான நிலையங்களை அமைக்க விவசாயிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் அனுமதி தருகிறது. இலக்கு 10,000 மெகாவாட். 2024 முடிவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட நிறைவேறவில்லை. காரணங்களில் ஒன்று திட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது. இப்பிரிவில் மத்திய அரசு தரும் ஊக்கத்தொகை யூனிட்டுக்கு 40 காசு, ஐந்து ஆண்டுகளுக்கு. அது மின்சாரம் தயாரிக்கும் சங்கத்துக்கு அல்ல, வாங்கும் மின் வழங்கல் நிறுவனத்துக்கு! தயங்கும் நிறுவனத்தை இணங்க வைக்கவே இந்த ஏற்பாடு என்பது புரிகிறது. ஆனால் ஊராட்சி ஒன்று வங்கியின் வாசலில் நிற்கும்போது, வங்கி மேலாளர் பார்ப்பது ஊராட்சிக்கு வரும் விலையை மட்டுமே.

கேள்வி நேரத்தில் சூரிய மின்சக்தி பற்றிய வினாக்களுக்கு அமைச்சர்கள் அளிக்கும் பதில்களின் இணைப்புப் பட்டியல்களில் மாநிலம், மெகாவாட், மானியம் என்ற பத்திகளே பெரும்பாலும் இருக்கும். உரிமையாளர் யார் என்பதற்கு ஒரு பத்தி கேட்கும் உறுப்பினர் அரிது. 2022 ஆகஸ்ட் 8-ஆம் தேதி மக்களவையில் அறிமுகமாகி நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டு, அவை கலைந்ததும் காலாவதியான மின்சாரத் திருத்த மசோதாவும், ஒரே பகுதியில் பல நிறுவனங்கள் மின்சாரம் வழங்குவது பற்றியே பேசியது. தனியாருக்கு எதிராக மாநில உரிமை என்ற வடிவில் சூடான விவாதத்தில், மூன்றாவதாகச் சங்கம் என்ற ஒன்றும் உண்டு என்பது காணாமல் போனது.

ஊராட்சியும் கடன் வாங்கலாம்

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சியைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2006-இல் ரூ. 1.55 கோடியில் 350 கிலோவாட் காற்றாலையை அது வாங்கியது. ஊராட்சியின் சேமிப்பு ரூ. 40 லட்சம், மீதி வங்கிக் கடன். தன் தேவைக்கு மேற்பட்ட மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றே கடனை அடைத்தது. கேரளத்தில் பாலக்காடு மாவட்ட ஊராட்சி, மீன்வல்லத்தில் 3 மெகாவாட் சிறு நீர்மின் நிலையத்தை 2014 முதல் நடத்தி வருகிறது. மாவட்ட ஊராட்சி ஒன்று மின் நிலையத்தின் உரிமையாளர் ஆவது அதற்கு முன் கேள்விப்படாதது.

இரண்டிலும் பொதுவானது, தர்னாயைப் போலக் கம்பிக்கு எதிராக நிற்காமல் கம்பியோடு சேர்ந்து நின்றது. அரசின் மின் தொகுப்பை எதிரியாக அல்ல, சந்தையாகப் பார்த்தன. ஆனால் இந்தச் சந்தையில் வாங்குபவர் ஒருவர் மட்டுமே. அவர் கையை விரித்தால் வேறு கடை கிடையாது.

தலைநகரின் மாடிகள்

இந்த நிலையை நகரத்தில் தளர்த்தும் முயற்சி தில்லியில் நடக்கிறது. தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஓரிடத்தில் தயாராகும் சூரிய மின்சாரத்தைப் பல இணைப்புகளின் கணக்கில் கழித்துக் கொள்ள அனுமதித்தன. இதன்படி, சொந்த மாடி இல்லாத அடுக்ககக் குடும்பம் வேறோர் இடத்துத் தகடுகளில் பங்கு எடுத்து, அதன் யூனிட்டுகளைத் தன் வீட்டு ரசீதில் கழித்துக் கொள்ளலாம். கம்பி வேறெங்கும் இழுக்கப்படுவதில்லை. கணக்கு மட்டுமே மாறுகிறது. 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட தில்லி சூரிய மின்கொள்கை, சமூக சூரிய மின் நிலையம், அண்டை வீட்டாருக்கு நேரடி விற்பனை ஆகிய இரண்டையும் ஏற்றது.

2024 பிப்ரவரியில் ரூ. 75,021 கோடி ஒதுக்கீட்டில் மத்திய அரசு அறிவித்த வீட்டுக்கூரைத் திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். அதில் குடியிருப்போர் சங்கங்களுக்கும் இடம் உண்டு: மின்தூக்கி, தண்ணீர் மோட்டார், வாகன மின்னேற்றம் போன்ற பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு ரூ. 18,000 மானியம். தனி வீட்டுக்காரருக்கு முதல் இரு கிலோவாட்டுகளுக்குக் கிடைப்பதோ தலா ரூ. 30,000. வாடகை வீட்டில் இருப்பவருக்கும், கூரை ஓலையாகவோ தகரமாகவோ உள்ளவருக்கும் கூட்டாகச் சேர்வதைத் தவிர வேறு வழியில்லை. கூட்டாகச் சேர்பவருக்குத்தான் தொகை குறைவு.

துண்டி சங்கத்தின் ஒப்பந்தம் 2041 வரை நீடிக்கும். அதுவரை அதன் ஒன்பது உறுப்பினர்களுக்கு ரூ. 4.63 உறுதி. அதே தாஸ்ரா வட்டத்தில் இனி ஒரு சங்கம் தொடங்க விரும்பும் விவசாயிகள், தங்களுக்குரிய விலையை ஆணையத்தின் அடுத்த உத்தரவில்தான் தேட வேண்டும்.